முரசும் செவியும்: இலங்கையில் அரசும் செய்தித்துறையும் பற்றி ஒரு வரலாற்று நோக்கு

கண்டி மாநகருக்குக் கிழக்கே, மகாவலி கங்கையின் அயலில் அமைந்திருப்பது குண்டசாலை. 1707 முதல் 1739 வரை கண்டி இராச்சியத்தை ஆண்ட ஸ்ரீ வீர பராக்கிரம நரேந்திரசிங்கன் தலைநகரை விட்டு இவ்வூரிலேயே பெரிதும் உறைந்தமையால், 'குண்டசாலை மன்னன்' என்றே மக்கள் அவனை வழங்கலாயினர். சிங்கள அரச மரபின் இறுதி மன்னன் அவனே. அவனுக்குப் பின் அரியணை மதுரை நாயக்கர் வழியினர் கைக்குச் சென்றது.

அம்மன்னன் காலத்தில் செய்தி என்பது இரு வழிகளிற் சென்றது. அரசனின் ஆணை முரசறைவோர் வாயிலாக ஊர்களுக்கு இறங்கியது. ஊர்களின் நிலை அதிகாரிகள் வாயிலாகவும் ஒற்றர் வாயிலாகவும் அரசனிடம் ஏறியது. முன்னையதை அரசின் முரசு என்றும், பின்னையதை அரசின் செவி என்றும் கூறலாம். வள்ளுவர் ஒற்றாடலுக்குத் தனியோர் அதிகாரம் வகுத்தமை, செவியற்ற ஆட்சி நிலைபெறாது என்பதைப் பண்டைத் தமிழர் நன்கு உணர்ந்திருந்தனர் என்பதற்குச் சான்றாகும்.

பிற்காலத்தில் தோன்றிய பத்திரிகையும் வானொலியும் இவ்விரு பணிகளையும் ஒருங்கே ஆற்ற வல்லவை. ஆயினும் இலங்கையின் வரலாற்றை நோக்குமிடத்து, ஆட்சியாளர் செய்தித்துறையைத் தம் முரசாகக் கொள்ளவே பெரிதும் விரும்பினர் என்பது புலனாகும். அதன் பயனாக அவர்கள் தம் செவியை இழந்தனர். செவியை இழந்த அரசின் முரசொலி நெருக்கடி நேரத்தில் மக்களால் நம்பப்படுவதில்லை. அந்த வெற்றிடத்தை வதந்தி நிரப்புகிறது. இக்கருத்தைக் கண்டிப் பிரதேசத்து நிகழ்ச்சிகள் சிலவற்றை முதன்மையாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அரசே பத்திரிகையாளனாக

நரேந்திரசிங்கன் குண்டசாலையில் வாழ்ந்த அதே காலத்தில், கரையோரத்தை ஆண்ட ஒல்லாந்தக் கம்பனியார் கொழும்பில் அச்சகம் ஒன்றை நிறுவினர். 1737இல் சிங்கள எழுத்துகளில் அச்சிட்ட முதல் நூலான பிரார்த்தனை நூல் அதிலிருந்து வெளிவந்தது. ஆகவே இலங்கையில் அச்சுக்கலை பிறக்கும்போதே அரசின் உடைமையாகப் பிறந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. ஆங்கிலேயர் ஆட்சியில், தேசாதிபதி பிரெடரிக் நோர்த் காலத்தில், 1802 மார்ச் 15ஆம் திகதி அரசாங்க வர்த்தமானி வெளிவரத் தொடங்கியது. அறிவித்தல்களும் நியமனங்களும் ஏல விற்பனை விளம்பரங்களும் அதனை நிரப்பின. அச்சில் ஏறிய முரசு என்று அதனைக் கூறுவது பொருந்தும்.

1832 ஜனவரி 1ஆம் திகதி தோன்றிய 'கொழும்பு ஜேர்னல்' வரலாறு இதனினும் சுவையானது. அரசாங்க அச்சகத்தின் பொறுப்பாளரே அதனை வெளியிட்டார். தேசாதிபதி வில்மட் ஹோர்ட்டன் புனைபெயர்களில் அதில் எழுதி வந்தார். ஆளும் தேசாதிபதியே தம் ஆட்சி பற்றிய விவாதத்தில் முகமூடி அணிந்து பங்குபற்றினார் என்றால், அரசுக்கும் பத்திரிகைக்கும் இடையே நிலவிய நெருக்கத்திற்கு வேறு சான்று வேண்டுவதில்லை. 1833ஆம் ஆண்டின் இறுதியுடன் அப்பத்திரிகை நின்றது. மறு ஆண்டு பெப்ரவரியில் கொழும்பு வணிகர்கள் 'ஒப்சேர்வர்' பத்திரிகையைத் தொடக்கினர். அரசின் கையில் இல்லாத குரல் ஒன்று அப்போதுதான் இந்நாட்டில் எழுந்தது. அது ஆங்கில வணிகரின் குரல். நாட்டு மக்களின் குரலாக அதனைக் கொள்ள முடியாது. எனினும் அரசைக் கேள்வி கேட்கும் மரபு அங்கிருந்தே தொடங்குகிறது.

1848உம் 1915உம்

இம்மரபு முதன்முதலாகச் சோதனைக்குள்ளானது கண்டிச் சீமையிலேயாகும். 1848இல் தேசாதிபதி டொரிங்டன் துப்பாக்கிக்கும் நாய்க்கும் வரி விதித்தார். வீதி வேலைக்கு உடலுழைப்பையோ அதற்கீடான பணத்தையோ கொடுக்குமாறு சட்டமியற்றினார். ஐரிஷ் மருத்துவரான கிறிஸ்தோபர் எலியட் அப்போது ஒப்சேர்வர் ஆசிரியராயிருந்தார். இவ்வரிகளைக் கண்டித்து 'ஓர் ஆங்கிலேயன்' என்னும் பெயரில் எழுதப்பட்ட கடிதம் ஒன்று அவர் பத்திரிகையில் வெளிவந்தது. அதே யூலை மாதத்தில் மாத்தளையிலும் குருநாகலிலும் கிளர்ச்சி மூண்டது. கண்டியில் இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. கிளர்ச்சித் தலைவர்களுள் ஒருவனான புரன் அப்பு ஓகஸ்ட் மாதத்திற் கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டான். பௌத்த துறவி ஒருவரும் அவ்வாறே கொல்லப்பட்டார்.

கிளர்ச்சிக்குப் பத்திரிகையே காரணம் என்று ஆட்சித் தரப்பினர் குற்றஞ்சாட்டினர். ஆங்கிலப் பத்திரிகையை வாசித்துக் கண்டிக் கிராமத்துக் குடியானவன் கிளர்ந்தெழுந்தான் என்பது எத்துணை பொருத்தமற்ற வாதம்! வரியின் சுமை அவன் தோளில் இருந்தது. அதனை அறிவதற்கு அவனுக்குப் பத்திரிகை தேவைப்படவில்லை. அதனை அறிய வேண்டியிருந்தவர் தேசாதிபதியே. பத்திரிகை அவருக்குச் செவியாக நின்று எச்சரித்தபோது, அவர் செவியைக் குற்றவாளியாகக் கண்டார். இறுதியில் பிரித்தானியப் பாராளுமன்றக் குழு இவ்விவகாரத்தை விசாரித்தது. 1850இல் டொரிங்டன் பதவியிழந்து நாடு திரும்பினார்.

ஏறத்தாழ எழுபது ஆண்டுகளின் பின், 1915 மே மாத இறுதியில், வெசாக் காலத்திற் கண்டி நகரில் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையே மூண்ட கலவரம் புகையிரதப் பாதை நெடுக வதந்தியுடன் பரவியது. யூன் 2ஆம் திகதி இராணுவச் சட்டம் பிரகடனப்படுத்தப்பட்டது. பத்திரிகைகள் தணிக்கைக்குள்ளாயின, அநகாரிக தர்மபாலவின் 'சிங்கள பௌத்தயா' தடைசெய்யப்பட்டது. உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலமாதலால், தேசாதிபதி சாமர்ஸும் அவருடைய அதிகாரிகளும் இக்கலவரத்தின் பின்னணியில் அரசைக் கவிழ்க்கும் சதி இருப்பதாக எண்ணினர். மதுவிலக்கு இயக்கத் தலைவர்கள் சிறையிலடைக்கப்பட்டனர். பின்னாளில் நாட்டின் முதற் பிரதமரான டி. எஸ். சேனாநாயக்கவும் அவர்களுள் ஒருவர்.

இல்லாத சதியை அரசு கண்டதேன்? உள்ளூர்ப் பத்திரிகைகளின் வாயை மூடிய பின்னர், நாட்டில் நடப்பதை அரசுக்கு உரைப்போர் அதன் சொந்த அதிகாரிகள் மட்டுமே. அவர்களோ தாம் அஞ்சியதையே உரைத்தனர். உண்மை வேறு வழியாக வெளிப்பட வேண்டியிருந்தது. சட்டசபையிலே சேர் பொன்னம்பலம் இராமநாதன் ஆட்சியினரின் கொடுமைகளை எடுத்துரைத்தார். அவர் எழுதிய நூல் 1916இல் இலண்டனில் வெளியாயிற்று. 'மோர்னிங் லீடர்' ஆசிரியர் ஆர்மண்ட் டி சூசா இராணுவச் சட்டத்தின் கீழ் கழிந்த நூறு நாட்களைப் பற்றித் தனி நூலே எழுதினார். 1915ஆம் ஆண்டு முடியுமுன் சாமர்ஸ் இலங்கையை விட்டு நீங்கினார். பத்திரிகையை அடக்கிய இரு தேசாதிபதிகளும், தாம் அடக்க முயன்ற செய்தியாலேயே பதவியை இழந்தனர் எனலாம்.

வானலையில் அரசின் குரல்

அச்சகத்தைப் போலவே வானொலியும் இந்நாட்டில் அரசின் மடியிற் பிறந்தது. தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளரான எட்வர்ட் ஹார்ப்பரின் முயற்சியால் 1925 டிசம்பர் 16ஆம் திகதி கொழும்பிலிருந்து முறையான ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. இரண்டாம் உலகப் போர் அதன் வலுவைப் பன்மடங்காக்கியது. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் பிரபு தம் தென்கிழக்காசியத் தலைமையகத்தைப் புதுடில்லியிலிருந்து கண்டிக்கு மாற்றிப் பேராதனைப் பூந்தோட்டத்தில் அமைத்தார். இன்று மாணவர் மாலை வேளையில் உலாவும் மரநிழல்களிலே அன்று ஆசியப் போரின் திட்டங்கள் தீட்டப்பட்டன. அத்தலைமையகத்தின் படைவீரருக்கெனக் கொழும்பில் நிறுவப்பட்ட 'ரேடியோ சியாக்' நிலையம் 1949இல் இலங்கை அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. போருக்காகச் செய்யப்பட்ட முரசு சுதந்திர இலங்கையின் கைக்கு வந்தது.

அது தந்த நன்மைகளை மறைத்தல் நேர்மையாகாது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை இந்நாட்டுத் தமிழர்க்கு மட்டுமன்றித் தென்னிந்தியத் தமிழர்க்கும் உற்ற தோழனாயிற்று. நாடகமும் இசையும் இலக்கிய உரையும் அதனால் வளர்ந்தன. ஆனால் செய்தி அறிக்கை எப்போதும் அரசின் அறிக்கையாகவே இருந்தது. 1967 ஜனவரியில் அது கூட்டுத்தாபனமாக மாறிய பின்னரும் இந்நிலை மாறவில்லை. 1979இல் தனியார் முயற்சியாகத் தோன்றிய முதற் தொலைக்காட்சி நிலையம் சில வாரங்களுள் அரசின் கைக்குச் சென்றது. 1982இல் ஜப்பானிய உதவியுடன் ரூபவாஹினி பிறந்தது.

லேக்ஹவுஸ்: உறவும் உடைமையும்

அரசுக்கும் பத்திரிகைக்கும் இடையிலான உறவு அடக்குமுறையாக மட்டும் அமைவதில்லை. குடும்ப உறவாகவும் அமையும். டி. ஆர். விஜேவர்தன 1914இல் 'தினமின'வை வாங்கினார். 1918இல் 'டெய்லி நியூஸ்' பத்திரிகையைத் தொடக்கினார். 1923இல் ஒப்சேர்வரைத் தமதாக்கினார். 1932இல் 'தினகரன்' என்னும் தமிழ் நாளேட்டைத் தந்தார். குடியேற்ற ஆட்சியிலிருந்து விடுதலை பெறுவதற்கு அவருடைய ஏடுகள் ஆற்றிய பணி பெரிது. ஆயினும் சுதந்திரம் பெற்ற ஆளும் வர்க்கம் அவருடைய உறவினரும் நண்பருமாகவே இருந்தது. ஜே. ஆர். ஜயவர்தன அவருடைய மருமகன், அதாவது சகோதரியின் மகன். விஜேவர்தனவின் மகளை மணந்து நிறுவனத்தை நடத்திய எஸ்மண்ட் விக்கிரமசிங்கவின் புதல்வரே ரணில் விக்கிரமசிங்க.

ஆகவே, ஒரு குடும்பத்தின் கையில் நாட்டின் செய்தி அடங்கியிருப்பது சனநாயகத்துக்கு ஏற்றதன்று என இடதுசாரிகள் எழுப்பிய வாதத்தில் உண்மை இல்லாமலில்லை. அந்நிறுவனத்தை அரசுடைமையாக்க முனைந்த சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசாங்கம் 1964 டிசம்பர் 3ஆம் திகதி பாராளுமன்றத்தில் ஒரேயொரு வாக்கினால் வீழ்ந்தது. 1970இல் மீண்டும் ஆட்சிக்கு வந்த அவர் 1973இல் தம் எண்ணத்தை நிறைவேற்றினார். அவ்வாண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவனத்தின் நூற்றுக்கு 75 பங்குகள் அரசின் சார்பில் பொது நம்பிக்கைப் பொறுப்பாளரிடம் சேர்ந்தன. பங்குகளைப் பின்னர் பொதுமக்களிடையே பரவச் செய்வதே நோக்கம் எனப்பட்டது. 1974இல் 'தவச' நிறுவனத்தின் ஏடுகளுக்கு முத்திரையிடப்பட்டது.

1977இல் ஆட்சி மாறியது. லேக்ஹவுஸின் நிலை மாறவில்லை. எதிர்க்கட்சியில் இருந்தபோது அதனைக் கண்டித்தவர்கள் ஆட்சிக்கு வந்ததும் அதனைப் பயன்படுத்தினர். அதன் பின் வந்த ஒவ்வோர் அரசும் அதனையே செய்தது. தலைவர் மாறுவார், ஆசிரியர் மாறுவார், முதற்பக்கத்துப் படத்தில் இருப்பவர் மாறுவார், முரசு மட்டும் அதே முரசு. தனியார் உடைமையின் குறைக்கு மருந்தாக வந்த அரசுடைமை அக்குறையைக் கை மாற்றியதேயன்றி நீக்கவில்லை.

தமிழ் ஏடுகளின் நிலை

தமிழ்ப் பத்திரிகையுலகை நோக்கும்போது செவியின் பயன் இன்னும் தெளிவாகிறது. தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர் 1921இல் 'தேசநேசன்' நாளேட்டையும் 1924இல் 'தேசபக்தன்' ஏட்டையும் நடத்தினார். தோட்ட எல்லைக்குள் அயலார் நுழைவதே அத்துமீறலாகக் கருதப்பட்ட அந்நாளில், மலையகத் தொழிலாளியின் துயரம் வெளியுலகை எட்டுவதற்கு இத்தகைய ஏடுகளே வழியாயின. 1930இல் பெ. பெரி. சுப்பிரமணியஞ் செட்டியார் தொடக்கிய 'வீரகேசரி'யும் மலையக மக்களிடையே வேரூன்றியது. லேக்ஹவுஸ் தனியார் கையில் இருந்தபோது, 1959 முதல் 1961 வரை தினகரன் ஆசிரியராயிருந்த க. கைலாசபதி ஈழத்து இலக்கியம் என்னும் உணர்வு வளர அவ்வேட்டைக் களமாக்கினார்.

பிற்காலத்தில் அரசின் கை தமிழ் ஏடுகளை அணைக்கவில்லை, நெரித்தது. 1981 யூன் மாதத் தொடக்கத்தில், யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட நாட்களிலே, 'ஈழநாடு' அலுவலகமும் எரிக்கப்பட்டது. 1983 யூலை தொடக்கத்தில் யாழ்ப்பாணத்து 'சற்றர்டே ரிவியூ' முத்திரையிடப்பட்டது. அம்மாத இறுதியில் தெற்கிலே தமிழர் மீது வன்முறை கட்டவிழ்ந்தபோது, சனாதிபதி ஜயவர்தன நாட்டுக்கு உரையாற்ற நான்கு நாட்கள் சென்றன. 28ஆம் திகதி அரச தொலைக்காட்சியில் தோன்றிய அவர் கொல்லப்பட்டோருக்காக ஒரு சொல்லும் இரங்கவில்லை. மறுநாள், கொழும்பினுள் புலிகள் புகுந்துவிட்டனர் என்னும் வதந்தி பரவியது. அது பொய், ஆயினும் அப்பொய் பல உயிர்களைக் குடித்தது. நாட்டின் வானொலி, தொலைக்காட்சி, பெரும் பத்திரிகை நிறுவனம் யாவும் தன் கையில் இருந்தும் ஒரு வதந்தியை அரசால் வெல்ல முடியவில்லை.

குண்டசாலையில் 2018

இனி, தொடங்கிய இடத்துக்கு மீள்வோம். திகன நகரம் இன்று குண்டசாலைப் பிரதேச செயலாளர் பிரிவுக்குள் அமைந்தது. 2018 பெப்ரவரி 22ஆம் திகதி அயலூரான தெல்தெனியவில் வாகனத் தகராறொன்றில் முஸ்லிம் இளைஞர் சிலரால் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி ஒருவர், மார்ச் மாதத் தொடக்கத்தில் மருத்துவமனையில் உயிரிழந்தார். அதற்கிடையே அம்பாறையில், முஸ்லிம் உணவகமொன்றின் உணவில் மலட்டு மாத்திரை கலக்கப்பட்டது என்னும் வதந்தி கடைகளையும் பள்ளிவாசலையும் தாக்கச் செய்திருந்தது. உணவில் இருந்தவை வெறும் மாவுக்கட்டிகளே என அரச பகுப்பாய்வாளர் அறிவித்தார். அவ்வறிவித்தல் வருமுன் சேதம் நிகழ்ந்து முடிந்திருந்தது.

மார்ச் 4, 5ஆம் திகதிகளில் திகனவிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. திகனவில் எரிந்த வீடொன்றில் அகப்பட்ட இளைஞர் ஒருவர் மாண்டார். 6ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனமாயிற்று. 7ஆம் திகதி பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் ஆகியன தடைசெய்யப்பட்டன. பேஸ்புக் மீதான தடை 15ஆம் திகதி நீங்கியது. 1915இல் புகையிரதம் சுமந்த வதந்தியை 2018இல் கைத்தொலைபேசி சுமந்தது. 1915இல் தணிக்கை அலுவலர் செய்ததை 2018இல் இணைய இணைப்பைத் துண்டித்து அரசு செய்தது.

அத்தடைக்கு நியாயம் கூற முடியாதென்பதற்கில்லை. சிங்கள மொழியில் வெறுப்பைத் தூண்டிய பதிவுகளை அகற்றுமாறு பலர் முறையிட்டும் பேஸ்புக் நிறுவனம் உரிய காலத்திற் செயற்படவில்லை. அவ்வன்முறையில் தன் தளத்துக்கிருந்த பங்குக்காக 2020 மே மாதத்தில் அது வருத்தம் தெரிவித்தது. எரியும் வீட்டின் முன் நின்று கருத்துச் சுதந்திரம் பேசுதல் எளிதன்று. ஆனால் தடை விதிக்கப்பட்டபோது நெருப்பு ஏற்கெனவே பற்றியிருந்தது. தொழில்நுட்பம் அறிந்தோர் மாற்று வழிகளில் அத்தளங்களைத் தொடர்ந்தும் பயன்படுத்தினர். பாதிக்கப்பட்டவருக்கோ உறவினரை அழைக்கவும் உதவி கோரவும் இருந்த வழிகளுள் ஒன்று அடைபட்டது.

நம்மை உறுத்த வேண்டிய வினா வேறு. அந்நாட்களில் ஒரு சாதாரண திகன வாசி, தன் கைப்பேசியில் வந்த வதந்தியை அரச வானொலியுடன் ஒப்பிட்டு, 'இது பொய், அதுவே மெய்' எனத் துணியக்கூடியவனாக இருந்தானா? அரைநூற்றாண்டுக் காலம் ஆளுங்கட்சியின் புகழைப் பாடிய குரல், ஒரு நாள் உண்மையை உரைக்கும்போது மட்டும் நம்பப்படும் என எதிர்பார்ப்பது எவ்வாறு? நம்பிக்கை என்பது நெருக்கடி நாளில் வர்த்தமானி மூலம் பிரகடனப்படுத்தக்கூடியதன்று. அமைதிக் காலத்திலே, அரசுக்குக் கசக்கும் செய்தியையும் அரச ஏடு வெளியிடும்போதுதான் அது சிறிது சிறிதாகச் சேரும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் சில உண்மைகள் பெறப்படுகின்றன. இலங்கையில் அச்சகமும் வானொலியும் அரசின் கையிலே பிறந்தன. அந்தப் பிறப்பின் தழும்பு இன்னும் மறையவில்லை. அரசு ஏடுகளை அடக்கியபோதும், உறவாக்கிக்கொண்டபோதும், உடைமையாக்கிக்கொண்டபோதும் விளைவு ஒன்றே: தன் குடிகளின் நிலையை அறியும் வழியை அது இழந்தது. 1848, 1915, 1983, 2018 ஆகிய ஆண்டுகள் அவ்விழப்பின் விலையைக் காட்டும் மைல்கற்களாகும்.

நல்ல மாற்றங்களும் இல்லாமலில்லை. 1990களிலிருந்து தனியார் வானொலிகளும் தொலைக்காட்சிகளும் இயங்குகின்றன. 1997இல் ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானது என உயர் நீதிமன்றம் தீர்த்தது. 2002இல் குற்றவியல் அவதூறுச் சட்டம் நீக்கப்பட்டது. 2016இல் தகவல் அறியும் உரிமை சட்டமாயிற்று. மறுபுறம், 2024இல் நிறைவேறிய நிகழ்நிலைக் காப்புச் சட்டம், எது பொய் என முடிவு செய்யும் அதிகாரத்தை சனாதிபதியால் நியமிக்கப்படும் ஆணைக்குழுவொன்றுக்கு அளித்தது. மெய்யையும் பொய்யையும் வரையறுக்கும் உரிமையை ஆட்சியாளர் எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை என்பதற்கு இது மற்றுமோர் எடுத்துக்காட்டு.

குண்டசாலை மன்னனின் மாளிகை அழிந்துவிட்டது. அவனுடைய முரசறைவோரும் ஒற்றரும் மறைந்தனர். அவன் ஒற்றரை வைத்திருந்தது முரசின் ஒலியைத் தானே கேட்டு மகிழ்வதற்காகவன்று. அம்முரசொலி சென்றடைந்த ஊர்களில் மக்கள் என்ன பேசிக்கொள்கின்றனர் என்பதை அறிவதற்காகவே. இன்றைய அரசுகளுக்கு ஒற்றரை விடச் சிறந்த கருவி வாய்த்துள்ளது. தன் மனத்துக்கு ஏற்காததையும் அச்சமின்றி எழுதும் ஓர் ஏட்டை வாழவிடுவதே அக்கருவியைப் பெறும் வழி. அதனை வாழவிடுமாறு அரசை வற்புறுத்துவது கற்றோர் கடன். திகனவின் புகையைத் தொலைவிலிருந்து கண்ட நமக்கு அக்கடன் இரட்டிப்பாகும்.